ஒரே திட்டம், ரெண்டு ஊரு: தமிழ்நாட்டுல ஏறுன எடை வங்கதேசத்துல ஏன் ஏறல?

சென்னையில என்ஜிஓ வேலை பாக்குறவங்க இப்ப கொஞ்ச வருஷமா அதிகமா கேக்குற வார்த்தை "இம்பேக்ட் ரிப்போர்ட்", அதாவது ஒரு திட்டத்தால என்ன மாறுச்சுன்னு சொல்ற அறிக்கை. 2021 ஜனவரியில சிஎஸ்ஆர், அதான் கம்பெனிங்க லாபத்துல ஒரு பங்க சமூக வேலைக்கு செலவு பண்ற கடமை, அதோட விதிகள மாத்துனாங்க இல்லையா, அதுலேர்ந்து வருஷத்துக்கு சராசரியா 10 கோடியோ அதுக்கு மேலயோ சிஎஸ்ஆர் கடமை இருக்குற கம்பெனிங்க, 1 கோடிக்குக் குறையாம செலவு பண்ண ப்ராஜெக்ட்டுக்கு வெளியாள வெச்சு மதிப்பீடு பண்ணியே ஆகணும். நல்ல விதி. ஆனா நடைமுறையில என்ன ஆகுதுன்னா, திட்டம் முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சு ஒரு டீம் போகும், பயனடைஞ்சவங்கள உக்கார வெச்சு "இது உங்களுக்கு உதவியா இருந்துச்சா"ன்னு கேக்கும், எல்லாரும் ஆமான்னு சொல்லுவாங்க, ரெண்டு வட்ட சார்ட்டு, நாலு சிரிச்ச முகம் போட்டோ, முடிஞ்சுது. அந்தத் திட்டம் இல்லாம இருந்திருந்தா அதே வீட்ல என்ன நடந்திருக்கும்னு யாரும் கேக்கறது இல்ல, எந்த வழியா அந்த உதவி அந்தப் புள்ளைக்குப் போய் சேர்ந்துச்சுன்னு சுத்தமா கேக்கறது இல்ல.

இந்த ரெண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். அத நான் வாதமா சொல்றத விட ஒரு கேஸ முழுசா எடுத்து வெச்சுப் பேசுறது நல்லதுன்னு தோணுது. கேஸ் நம்ம ஊருதுதான்: தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். 1980-ல உலக வங்கி கடன்ல ஆரம்பிச்சது. சோஷியல் வொர்க் படிக்கிற பசங்ககிட்ட கேட்டா பாதிப் பேருக்கு இந்தப் பேரே தெரியல, ஆனா உலகம் முழுக்க ஊட்டச்சத்து பத்திப் படிக்கிறவங்க இத ஒரு பாடமா வெச்சிருக்காங்க.

திட்டம் எப்படி உருவாச்சு

1970-கள் ஆரம்பத்துல தமிழ்நாட்டுல ஒரு பெரிய ஊட்டச்சத்து ஆய்வு நடந்துச்சு, அறிக்கை 1973-ல வந்துச்சு. அதுல தெரிஞ்ச விஷயம் என்னன்னா, அப்பவே ஏகப்பட்ட உணவுத் திட்டம் ஓடிட்டு இருந்துச்சு, ஆனா யாருக்கு ரொம்பத் தேவையோ அவங்களுக்குப் போகல. மூணு வயசுக்குக் கீழ இருக்குற குழந்தைதான் ரொம்ப பாதிக்கப்படுது, அந்த வயசு குழந்தை தானா நடந்து மையத்துக்கு வராது. வீட்டுக்குக் குடுத்து விட்டா எல்லாரும் பங்கு போட்டுக்கறாங்க. இன்னொண்ணு, ஓரளவுக்கு சாப்பாடு இருக்குற வீட்லயும் சின்னக் குழந்தை மெலிஞ்சு இருந்துச்சு. அதாவது வீட்ல அரிசி இல்லாதது மட்டும் பிரச்சனை இல்ல, குழந்தைக்கு எப்ப, எவ்ளோ, எத்தன தடவ ஊட்டுறாங்கங்கறதும் பிரச்சனை.

அதனால திட்டத்த வேற மாதிரி போட்டாங்க. 1980-ல மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்துல ஆரம்பிச்சு படிப்படியா விரிவாச்சு. 6 மாசத்துலேர்ந்து 36 மாசம் வரைக்கும் உள்ள குழந்தைங்கள மாசா மாசம் எடை போடணும். எடைய வளர்ச்சி அட்டையில புள்ளி வெச்சுக் கோடு இழுக்கணும். எல்லாருக்கும் சாப்பாடு கிடையாது, எடை ரொம்பக் குறைவா இருக்குற குழந்தை, ஏற வேண்டிய எடை ஏறாம நின்ன குழந்தை, இவங்களுக்கு மட்டும் 90 நாளைக்கு சத்துமாவு உருண்டை, அதுவும் மையத்துலயே குடுக்கணும். தேறிட்டா நிறுத்திரணும். கூடவே அம்மாவுக்கு "பாரும்மா, இவ்ளோ உருண்டைதான், இதுலயே எடை ஏறிடுச்சு, நீ வீட்லயே இத பண்ணலாம்"னு சொல்லித் தரணும். உருண்டைய வெச்சு அந்தக் குழந்தையோட வாழ்நாள் பசிய தீக்கப் போறேன்னு யாரும் சொல்லல, அம்மாவோட பழக்கத்த மாத்தறதுதான் நோக்கம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் பணியாளர் தேர்வு. அந்த ஊருப் பொண்ணாவே இருக்கணும், முடிஞ்சா ஏழை வீட்டுப் பொண்ணா இருக்கணும், ஆனா அவங்க குழந்தை நல்லா வளர்ந்திருக்கணும். அப்பதான் "அவளுக்கும் நம்மள மாதிரிதான் கூலி, அவ புள்ள மட்டும் எப்படி இருக்கு பாரு"ன்னு தெருவுல இருக்குற மத்த அம்மாங்க நம்புவாங்க. இந்த ஒரு விதிய எழுதுனவங்க கிராமத்துல யாரு பேச்ச யாரு கேப்பாங்கன்னு நல்லா தெரிஞ்சவங்க.

எடை குறைவு குறைஞ்சுது, ஆனா எதனால?

ரிசல்ட் வந்துச்சு. 6 முதல் 24 மாசக் குழந்தைங்ககிட்ட கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு மூணுல ஒரு பங்குலேர்ந்து பாதி வரைக்கும் குறைஞ்சதா உலக வங்கி சொல்லுச்சு. உலகம் முழுக்கப் பேரு. ரெண்டாம் கட்டம் 1990-ல ஆரம்பிச்சு 1997 வரைக்கும் ஓடுச்சு, அதுல கடுமையான குறைபாடு குறைஞ்சுது, ஆனா நடுத்தரக் குறைபாடு எதிர்பாத்த அளவுக்குக் குறையல. அப்புறம் ஐசிடிஎஸ், அதான் நம்ம அங்கன்வாடி, அதோட சேர்த்துட்டாங்க.

இப்ப ஒரு மதிப்பீட்டாளரா உக்காந்து பாருங்க. மொதல்ல, திட்டம் வந்த மாவட்டங்கள குலுக்கிப் போட்டு எடுக்கல, கலோரி குறைவா சாப்புடுற மாவட்டம்னு பாத்து எடுத்தாங்க. அது நியாயமான தேர்வுதான், ஆனா ஒப்பிட்டுப் பாக்க அதே மாதிரி இன்னொரு இடம் கிடைக்காது. ரெண்டாவது, 1982 ஜூலை 1-ம் தேதி எம்ஜிஆர் சத்துணவுத் திட்டத்த ஆரம்பிச்சாரு, 2 வயசுக்கு மேல உள்ள குழந்தைங்களுக்கு தினமும் மதிய சாப்பாடு. ஊட்டச்சத்துத் திட்டம் பாதியில இருக்கும்போதே அத விடப் பல மடங்கு பெரிய இந்தத் திட்டம் அதே கிராமத்துக்கு வந்திருச்சு. அக்காவும் அண்ணனும் மதியம் வெளியில சாப்புட்டா வீட்ல இருக்குற சோறு சின்னதுக்கு ஒரு கை கூடக் கிடைக்கும் இல்லையா? அப்போ ஏறுன எடையில உருண்டைக்கு எவ்ளோ பங்கு, சத்துணவுக்கு எவ்ளோ பங்கு?

மூணாவது விஷயந்தான் பலரும் கவனிக்காம விடுறது. உருண்டை குடுக்குற பட்டியல்ல குழந்தை எப்ப சேர்க்கப்படுது? எடை ஏறாம நின்ன மாசத்துல. ஏன் நின்னுச்சு? பல நேரம் வயித்துப்போக்கு, காய்ச்சல், சளி. அந்தக் குழந்தை உருண்டை குடுத்தாலும் குடுக்கலன்னாலும் அடுத்த ரெண்டு மூணு மாசத்துல ஓரளவு தேறித்தான் வரும். மோசமா இருக்கும்போது எடுத்து, தேறினதுக்கு அப்புறம் அளந்தா, எந்தத் திட்டமும் வெற்றி பெற்ற மாதிரிதான் தெரியும். இப்ப சென்னையில நடக்குற எத்தனையோ ட்யூஷன் திட்டம், குடிமீட்புத் திட்டம், தொழில் பயிற்சித் திட்டம் எல்லாத்துலயும் இதே சிக்கல் இருக்கு. ரொம்பப் பின்தங்குனவங்களத் தேடிப் பிடிச்சு சேக்கறாங்க, அது சரியான காரியம், ஆனா "முன்னாடி பின்னாடி" கணக்கு போட்டா அது பொய் சொல்லும்.

இதுக்கு நம்ம கண்ணு முன்னாடி நடந்த உதாரணம் ஒண்ணு இருக்கு. கொரோனாவுல ஸ்கூல் மூடிக் கெடந்தப்புறம் 2021 கடைசியில இல்லம் தேடிக் கல்வி வந்துச்சு, தெருவுக்குத் தெரு சாயந்தரம் தன்னார்வலருங்க, பெரும்பாலும் அதே தெரு அக்காங்க, வகுப்பு எடுத்தாங்க. கிராமப்புறத் தமிழ்நாட்டுல சுமார் 19,000 குழந்தைங்கள வெச்சு கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ மூணு பேரும் ஆய்வு பண்ணாங்க. ஸ்கூல் திறந்து ஆறு மாசத்துல, இழந்த படிப்புல மூணுல ரெண்டு பங்கு திரும்பி வந்திருச்சு. "முன்னாடி பின்னாடி" மட்டும் பாத்திருந்தா மொத்தமும் இல்லம் தேடிக் கல்வியாலன்னு போஸ்டர் அடிச்சிருக்கலாம். ஆனா சேந்த பசங்க, சேராத பசங்கன்னு பிரிச்சுப் பாத்தப்போ திரும்பி வந்ததுல 24 சதவீதந்தான் அந்தத் திட்டத்தால, மீதி ஸ்கூல் திறந்ததாலயும் மத்ததாலயும். 24 சதவீதம் சின்ன விஷயமே இல்ல, மாசம் ஆயிரம் ரூபா ஊக்கத்தொகையில இத சாதிச்சது பெரிய விஷயம். உண்மையான நம்பர சொன்னா அந்த அக்காங்களுக்கு மரியாதை கூடுமே தவிர குறையாது.

சரி, ஊட்டச்சத்துக்கு வருவோம். அப்போ அந்தத் திட்டம் வேலை செய்யலையா? என் கணிப்பு, வேலை செஞ்சுதுதான், சொல்லப்பட்ட அளவுக்கு இல்லாம இருக்கலாம். மாசா மாசம் எடை போட பெரும்பாலான அம்மாங்க வந்தாங்க, சாப்பாடு சரியான வயசுக்குப் போச்சு, நோக்கம் தெளிவா இருந்துச்சு. பிரச்சனை அதுக்கப்புறம் வந்துச்சு.

வங்கதேசத்துக்குப் போன உருண்டை

தமிழ்நாட்டு வெற்றியப் பாத்து 1995-ல வங்கதேசத்துல ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்த உலக வங்கி கடன்ல ஆரம்பிச்சாங்க. அதே வடிவம்: மாசா மாசம் எடை, வளர்ச்சி அட்டை, தேவைப்படுற குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மையத்துல உணவு, அம்மாவுக்கு ஆலோசனை. 2002 வரைக்கும் ஓடுச்சு. 2003-ல சேவ் தி சில்ட்ரன் யூகே ஒரு அறிக்கை வெளியிட்டுச்சு, திட்டம் நடந்த இடத்துக்கும் நடக்காத இடத்துக்கும் குழந்தைங்க ஊட்டச்சத்துல பெருசா வித்தியாசம் இல்லன்னு. பெரிய சண்டை. அப்புறம் 2005-ல உலக வங்கிக்குள்ளயே இருக்குற மதிப்பீட்டுப் பிரிவு தனியா பாத்துச்சு, தாக்கம் சின்னதுதான்னு அவங்களும் சொன்னாங்க. தன்னோட திட்டத்தப் பத்தி தானே இப்படி எழுதிக்கறதுக்கு ஒரு நேர்மை வேணும், நான் அத மதிக்கிறேன்.

ஆனா அதுல முக்கியமானது, ஏன் சின்னதுன்னு அவங்க படிப்படியா போய் பாத்ததுதான். மக்கள் வந்தாங்களா? வந்தாங்க. அம்மாவுக்கு விஷயம் தெரிஞ்சுதா? தெரிஞ்சுது. தெரிஞ்சத செஞ்சாங்களா? அங்கதான் அறுந்துச்சு. ஏன்னா பல வீட்ல குழந்தைக்கு என்ன குடுக்கணும்னு முடிவு பண்றது அம்மா இல்ல. கடைக்குப் போய் சாமான் வாங்குறது ஆம்பளைங்க. கூட்டுக் குடும்பத்துல அடுப்பங்கரையும் பங்கு போடுறதும் மாமியார் கையில. ஆனா ஆலோசனை மொத்தமும் அம்மாவுக்கு. மருமக மையத்துல கேட்டுட்டு வந்து "இத செய்யணுமாம்"னு சொன்னா வீட்ல நடக்குமா? இன்னொரு ஓட்டை, மையத்துல குழந்தை சாப்புட்டு வந்திருச்சுன்னு வீட்ல அந்த வேளை சோத்த குறைச்சுக்குவாங்க, கூடுதல் சாப்பாடா போக வேண்டியது பதில் சாப்பாடா மாறிடும்.

நான்சி கார்ட்ரைட்னு ஒரு தத்துவப் பேராசிரியை இந்த ரெண்டு திட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எழுதுனதுக்கு அப்புறம் இந்தக் கேஸ் ரொம்பப் பிரபலம் ஆச்சு. அவங்க சொல்றதோட சாரம்: "அங்க வேலை செஞ்சுது" அப்படிங்கறதுலேர்ந்து "இங்கயும் வேலை செய்யும்"னு போறதுக்கு நடுவுல, அங்க அத வேலை செய்ய வெச்ச துணைக் காரணங்கள் இங்க இருக்கான்னு பாக்கணும். தமிழ்நாட்டுல அம்மாவே கடைக்குப் போய், அம்மாவே உலை வெச்சு, அம்மாவே ஊட்டுனது ஒரு துணைக் காரணம். திட்ட அறிக்கையில அத யாரும் எழுதி வெக்கல, ஏன்னா நமக்கு அது சாதாரணமா தெரிஞ்சுது.

பெரும்பாக்கத்துல ஒரு மதியம்

இத "அவங்க ஊரு அப்படி"ன்னு விட்டுறக் கூடாது. நான் சர்வே வேலையா பெரும்பாக்கம் குடியிருப்புல ஒரு அங்கன்வாடிக்கு அடிக்கடி போறதுண்டு. டீச்சர் ஒரு ஒண்ணரை வயசுக் குழந்தைய எடை மெஷின்ல வெச்சாங்க, அது கைய கால ஒதைக்குது, நம்பர் எட்டரைக்கும் எட்டு எழுநூறுக்கும் நடுவுல ஓடுது, டீச்சர் ஒரு செகண்ட் நின்ன எடத்துல ஒரு நம்பர போஷன் ட்ராக்கர் ஆப்ல, அதான் அங்கன்வாடி கணக்கு ஏத்துற அரசு ஆப், அதுல ஏத்துனாங்க. இருநூறு கிராம் இப்படி அப்படி ஆனா எல்லையில நிக்குற ஒரு குழந்தை மஞ்சள்லேர்ந்து பச்சைக்கு, அதாவது எடை குறைவுலேர்ந்து சரியான எடைக்குப் போயிடும். டீச்சர் மேல தப்பே இல்ல, ஆயா அன்னிக்கு லீவு, சமையலும் அவங்கதான், பதிவேடும் அவங்கதான், பாட்டு சொல்லித் தர்றதும் அவங்கதான். எடைங்கற நம்பர எடுத்துட்டுப் போய் கம்ப்யூட்டர்ல புள்ளியியல் கணக்கு போடுறவங்க இப்படி ஒரு மதியமாவது பக்கத்துல நின்னு பாக்கணும்.

குழந்தைய கூட்டிட்டு வந்தது பாட்டி. அம்மா ஓஎம்ஆர்ல ஒரு ஆபீஸ்ல ஹவுஸ்கீப்பிங், காலையில ஆறு மணிக்கே பஸ் ஏறிடுவாங்க, ராத்திரி எட்டுக்குத்தான் வீடு. நான் சத்துமாவு பத்திக் கேட்டேன். பாட்டி சொன்னாங்க, "பாக்கெட் வந்தா வெல்லம் தட்டிப் போட்டு அடையா சுட்டுருவேன் கண்ணு. பெரியவன் ஸ்கூல் விட்டுப் பசியா வருவான். அவன் பாத்துனு நிக்கும்போது இவளுக்கு மட்டும் எப்பிடி குடுக்கறது, சொல்லு."

யாரு பதில் சொல்ல முடியும் இதுக்கு. இப்ப நம்ம கையில இருந்த ஃபார்ம பாருங்க, திட்டத்துக்குப் பணம் குடுத்தவங்க தயாரிச்சு அனுப்புனது. "சத்துமாவின் பயன் தாய்க்குத் தெரியுமா?" ஆமா. "வீட்டுக்கு பாக்கெட் வந்ததா?" ஆமா. "பயன்படுத்தினார்களா?" ஆமா. மூணுக்கும் முழு மார்க். ஆனா அந்தக் குழந்தை வயித்துக்குப் போனது அந்தப் பாக்கெட்டுல ஒரு கால் பங்கு இருந்தா அதிகம். வங்கதேசத்துல மாமியார் இருந்த எடத்துல இங்க பாட்டி இருக்காங்க. அங்க மாமியார் அதிகாரத்தால, இங்க அம்மா வேலைக்குப் போறதால, ரெண்டு எடத்துலயும் பயிற்சி வாங்குன ஆளும் ஊட்டுற ஆளும் வேற வேற. 1980-ல கொட்டாம்பட்டியில சரியா இருந்த கணக்கு இன்னிக்கு நம்ம சென்னையிலயே சரியா வராது.

நாங்க அந்த ஃபார்ம்ல சில கேள்வி சேக்கச் சொன்னோம், ஒத்துக்கிட்டாங்க: நேத்து குழந்தைக்கு மதியம் ஊட்டுனது யாரு, மாவ யாரு எப்படி சமைச்சாங்க, அந்த நேரத்துல வீட்ல வேற எத்தன பேரு சாப்புட்டாங்க, அன்னிக்கு மத்த வேளை சாப்பாடு வழக்கம் போலவா குறைவா. "தெரியுமா"ன்னு கேக்காம "நேத்து என்ன நடந்துச்சு"ன்னு கேட்டா சனங்க உண்மையத்தான் சொல்றாங்க, யாரையும் சந்தோஷப்படுத்துற பதில் அதுல இல்ல.

குலுக்கிப் போட்டுப் பாத்த அங்கன்வாடி

அந்த டீச்சர் ஒத்த ஆளா திணறுனதுக்கு நேரடியா சம்பந்தப்பட்ட ஆய்வு ஒண்ணு தமிழ்நாட்டுலயே நடந்திருக்கு, நாலு மாவட்டத்துல 320 அங்கன்வாடியில. கனிமியன், முரளிதரன், வால்டர்ஸ்னு மூணு பேரு, மாநில அரசோட சேந்து பண்ணாங்க. பாதி மையத்துல குலுக்கல் முறையில அரை நாள் வேலைக்கு இன்னொரு ஆள போட்டாங்க, அவங்க வேலை பெரும்பாலும் குழந்தைங்களுக்கு சொல்லித் தர்றது. 18 மாசத்துல சொல்லித் தர்ற நேரம் ரெண்டு மடங்கு ஆச்சு, தொடர்ந்து மையத்துல இருந்த குழந்தைங்களோட கணக்கு மார்க் 0.29 திட்ட விலக்கம், மொழி மார்க் 0.46 திட்ட விலக்கம் கூடுச்சு (திட்ட விலக்கம்னா குழந்தைக்குக் குழந்தை மார்க் எவ்ளோ சிதறி இருக்குன்னு காட்டுற அளவு, ஸ்டாண்டர்ட் டீவியேஷன்). அதோட வயசுக்கேத்த உயரம் இல்லாத குழந்தைங்களும், கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள குழந்தைங்களும் கம்மி ஆனாங்க.

சொல்லித் தர ஆள் போட்டா ஊட்டச்சத்து ஏன் மாறணும்? பழைய டீச்சருக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சுது, அவங்க நேரம் எடை போடுறது, அம்மாங்ககிட்ட பேசுறது பக்கம் போச்சு. நோக்கம் ஒண்ணு, பலன் ரெண்டு எடத்துல. யாரு எவ்ளோ நேரம் என்ன செய்றாங்கன்னு பக்கத்துல உக்காந்து குறிச்சு வெச்சதாலதான் இதப் புரிஞ்சுக்க முடிஞ்சுது. ஆர்சிடி ஆர்சிடின்னு, அதாவது யாருக்குத் திட்டம் யாருக்கு இல்லன்னு குலுக்கிப் போட்டு ஒப்பிடுற ஆய்வு முறை, இப்ப எல்லாரும் குலுக்கல பத்தியே பேசுறாங்க, 2019-ல இந்த முறைய வறுமை ஆய்வுல கொண்டு வந்ததுக்கு பானர்ஜி, டுஃப்லோ, கிரெமர் பொருளாதார நோபல் வாங்குனதுக்கு அப்புறம் இன்னும் அதிகம். குலுக்கல் "எவ்ளோ"ன்னு சொல்லும். "எப்படி"ங்கறத பக்கத்துல உக்காந்து பாத்தாத்தான் தெரியும். "எப்படி" தெரியாம அடுத்த ஊருக்கு எடுத்துட்டுப் போனா வங்கதேசத்துல நடந்ததுதான் நடக்கும். அதே மாதிரி "தொடர்ந்து மையத்துல இருந்த" அப்படிங்கற வார்த்தைய விட்டுட்டு நம்பர மட்டும் ஸ்லைடுல போடுறவங்கள நான் நிறைய பாக்கறேன், தயவு செஞ்சு அப்படிப் பண்ணாதீங்க, நடுவுல நின்னு போன குழந்தைங்க அந்த நம்பருக்குள்ள இல்ல.

அடுத்து பாக்க வேண்டியது

இப்ப கைக்கெட்டுற தூரத்துல இருக்குறது முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம். 2022 செப்டம்பர் 15-ம் தேதி மதுரையில ஆரம்பிச்சாங்க, மொதல் கட்டத்துல 1,545 ஸ்கூல்தான். 2023 ஆகஸ்ட் 25-ம் தேதி திருக்குவளையில வெச்சு மத்த அரசு தொடக்கப் பள்ளிங்களுக்கும் விரிவு பண்ணாங்க. நடுவுல ஏறக்குறைய ஒரு வருஷம் இருக்கு, மொதல்ல வந்த ஸ்கூல பின்னாடி வந்த ஸ்கூலோட ஒப்பிட அது நல்ல வாய்ப்பு, ஆனா மொதல்ல வந்த ஸ்கூல்ங்கள குலுக்கி எடுக்கல, அத மனசுல வெச்சுத்தான் ஒப்பிடணும். வருகைப் பதிவ மட்டும் எடுத்துக்கிட்டு வெற்றின்னு சொல்லிடாம, வீடு வீடா போய் கேக்கணும்: காலையில வீட்ல அடுப்பு இப்பவும் எரியுதா, வேலைக்குப் போற அம்மா இப்ப காலையில சாப்புடுறாங்களா இல்ல அவங்களுக்கும் சேர்த்து சமையல் நின்னு போச்சா, அஞ்சாவது முடிச்சு ஆறாவது போன புள்ள காலையில என்ன சாப்புடுது, ஸ்கூலுக்கே போற வயசு வராத தம்பிக்கு மிச்சமாகுற இட்லி போகுதா. பழைய சத்துணவுக்கு 1982-ல இந்தக் கேள்விங்களக் கேட்டு யாராவது எழுதி வெச்சிருந்தா கொட்டாம்பட்டி உருண்டையோட கணக்கு இன்னிக்கு இவ்ளோ கலங்கிப் போயிருக்காது. இந்தத் தடவ கேக்குறதுக்கு ஆளும் இருக்கு, சென்னையிலயே படிச்ச பசங்க நூத்துக்கணக்குல சர்வே வேலையில இருக்காங்க, ஃபார்ம் எழுதுறவங்க மனசு வெச்சா அடுத்த கல்வியாண்டுக்குள்ளயே ஆரம்பிக்கலாம்.